ஹீட்டருக்குத் தனிக் காசு!

கேள்வி: மகளுக்குக் கார் வாங்க ஷோரூமுக்குப் போனேன். பேஸ் மாடல், மிட், டாப் எண்ட் என்று ஒரே காரை ஐந்து விலையில் காட்டுகிறார்கள். இந்த வித்தையை முதலில் ஆரம்பித்தது யார் சார்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆளைக் காட்டுவது கஷ்டம். ஊரைக் காட்டலாம்: அமெரிக்காவின் டெட்ராய்ட்.

கார் பிறந்த புதிதில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உட்காரும் இடத்துக்கும்தான் விலை. 1908-ல் ஃபோர்டு மாடல் டி 850 டாலருக்கு வந்தபோது மேல்கூரை, முன்கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் தனிக் கணக்கு. பெரும் பணக்காரர்கள் கதை வேறு. ரோல்ஸ் ராய்ஸ் இரண்டாம் உலகப் போர் வரை சேசிஸை மட்டும்தான் விற்றது. அதை ஹூப்பர், பார்க்கர் மாதிரியான பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்பி, என்ன மரம், என்ன தோல், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டும். அளவு கொடுத்துத் தைக்கிற கடையில் பேஸ் ஏது, டாப் ஏது? பாடியோடு சேர்த்தே ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி விற்ற முதல் கார், தன் கையில் இருந்த பென்ட்லி பெயரில் 1946-ல் கொண்டுவந்த மார்க் 6.

'எங்கள் வண்டியில் இது சேர்ந்தே வரும்' என்று சொல்வதும் ஒரு வியாபாரம் என்று காட்டியது கேடிலாக். அதுவரை காரை ஸ்டார்ட் செய்ய, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் தனிக் காசு இல்லாமல் வந்தது. இந்த கெட்டரிங், அதற்கு முன் கடைக் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியவர். கல்லாவைத் திறக்கத் தெரிந்த மனிதர்!

1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஓர் ஏணி போட்டார். கீழ்ப்படி ஷெவர்லே, உச்சிப்படி கேடிலாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக் வகையறா. சம்பளம் ஏற ஏற ஆளும் ஏற வேண்டும். பிற்பாடு ஒவ்வொரு படிக்குள்ளும் குட்டிப் படிகள் வைத்தார்கள். உங்களைக் குழப்பிய ஐந்து விலைக்கு அதுதான் தாத்தா.

1959 கேடிலாக்கைப் பாருங்கள். பின்பக்கம் ராக்கெட் துடுப்பு முளைத்த, சினிமாக்காரர்களுக்குப் பிடித்த அதே கார்தான். 'சீரிஸ் 62' கூப் 4,892 டாலர். பவர் ஸ்டீயரிங், பவர் பிரேக், ஆட்டோமேட்டிக் கியர் மூன்றும் அதற்குள் அடக்கம். ஹீட்டர்? 129 டாலர் தனி! டெட்ராய்ட்டில் ஜனவரி மாதம் தெருவெல்லாம் பனி. அந்த ஊரில் செய்த, அந்த நாடே அண்ணாந்து பார்த்த காரில் குளிர்காயத் தனிக் காசு. ஏசிக்கு 474. எதிரே வண்டி வந்தால் தானாகவே ஹெட்லைட்டைத் தாழ்த்தும் 'ஆட்ரானிக் ஐ' 55. டாஷ்போர்டு மேல் ஒற்றைக் கண் மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னும் 360 டாலர் போட்டு 'கூப் டி வில்' எடுத்தால் பவர் விண்டோவும் பவர் சீட்டும் சேர்ந்து வரும். 7,401 டாலர் எல்டொராடோவுக்குப் போனால்தான் ஹீட்டர் கேட்காமலேயே கிடைக்கும். டாப் மாடலுக்கு என்னுடைய விளக்கம் இதுதான்: பில் போடுகிறவரிடம் வாயைத் திறக்க வேண்டாத கார்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. 1957-ல் வந்த எல்டொராடோ ப்ரோம், 13,074 டாலர். கூரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏசி உட்பட எல்லாம் விலைக்குள். முன்னால் கையுறைப் பெட்டியைத் திறந்தால், கார் குலுங்கினாலும் நகராதபடி காந்தம் வைத்த ஆறு வெள்ளி டம்ளர்கள். பெண்களுக்கென்று லான்வின் கம்பெனியின் ஆர்பேஜ் சென்ட், பவுடர் டப்பா, சீப்பு. அதே காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை சஸ்பென்ஷன் வைத்தார்கள். அது ஒழுகத் தொடங்க, பல உரிமையாளர்கள் சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டார்கள். டம்ளர் மட்டும் நகரவில்லை! இரண்டு வருடங்களில் மொத்தம் 704 கார்கள்.

1960களின் தொடக்கத்தில் கேடிலாக்கில் ஹீட்டர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நம்மூரில் ஹீட்டர் பிரச்சினை இல்லை. நான் முதல் கார் எடுத்தபோது கால்மிதிக்கும் மட் ஃப்ளாப்புக்கும் தனி பில் நீட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

கேள்வி: ஏசி வைத்த முதல் கார் எது?
– வாசகி, வேலூர்

பதில்: ஆப்ஷனாகக் கம்பெனியே விற்றது பேக்கார்ட், 1940 மாடலில், 274 டாலருக்கு. குளிர்விக்கும் பெட்டி டிக்கி இடத்தைத் தின்றுவிடும். கம்ப்ரஸரை நிறுத்த சுவிட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். வேண்டாமென்றால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1941-க்குப் பிறகு பேக்கார்ட் அதைக் கைவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி: டிக்கி என்பது தமிழா, ஆங்கிலமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆங்கிலம். குதிரை வண்டியின் பின்னால் வேலையாள் உட்காரும் வெளி இருக்கைக்குப் பெயர் டிக்கி. 1920களின் இரண்டு பேர் கார்களில் பின்மூடியைத் திறந்தால் அதுவே இன்னொரு இருக்கையாக விரியும். வெயில், மழை, புழுதி எல்லாம் அங்கே உட்காருகிறவருக்கு. இருக்கை போய்விட்டது, நம்மிடம் மூடியும் பெயரும் தங்கிவிட்டன.

கேள்வி: சென்னையில் பழைய கார் அணிவகுப்பில் 'கூப் டி வில்' என்று எழுதியிருந்த கேடிலாக்கைப் பார்த்தேன். அதென்ன பெயர்? அதுதான் டாப் மாடலா?
– வாசகர், தாம்பரம்

பதில்: 'டி வில்' என்றால் பிரெஞ்சில் 'நகரத்துக்கான' என்று பொருள். ஓட்டுநர் வெட்டவெளியில், முதலாளி கூரைக்குள்: அப்படிக் கட்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர். 1949-ல் கேடிலாக் அதை எடுத்து, முதலாளியே ஓட்டும் ஒரு காருக்குச் சூட்டியது. அந்த வருடம் 2,150 வண்டிகள்தான் செய்தார்கள். அப்போது அது பெரிய மனிதர் கார்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், குரோம் எழுத்தை யாரும் ஒட்டலாம். பானெட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். 1959 காராக இருந்தால் 59-6337 என்பது நிஜமான கூப் டி வில். 59-6237 என்றால் சாதா கூப். யாரோ பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

டாப் மாடலா என்றால், எந்த வருடத்து வண்டி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே புதுப் பெயர்கள் வர வர, பழைய பெயர் கீழே இறங்கும். சீரிஸ் 62 என்பது 1965-ல் 'காலே' ஆனது. அந்தக் காலேயும் 1976-உடன் நின்றது. 1977-ல் கேடிலாக்கின் கீழ்ப்படியாக நின்றது டி வில்தான்.