நாயின் தோல் கட்டியும் நுண்ணோக்கியின் தீர்ப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நாயின் தோலில் கட்டி கண்டால் நம் நாட்டுப்புறத்தில் செய்வன மூன்று: சுண்ணாம்பு தடவுவது, சூடு போடுவது, "தானாகப் போகும்" என்று விட்டுவிடுவது. எங்கள் வாடிப்பட்டிப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவோர்க்கு நாயே இரவுக் காவல். அதன் உயிர் அவர்களுக்கு அற்பமன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அதனால் ஆட்டுக்கோ நாய்க்கோ நோய் என்றால் ஊரார் என்னைக் கேட்கிறார்கள். விலங்கியல் மாணவன் வைத்தியன் அல்லன். எனினும் அவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு: கட்டியின் குணத்தைக் கண்ணும் கையும் மட்டும் அறிய முடியாது.

ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள மூன்று கட்டிகளைப் பார்ப்போம். முதலாவது ஹிஸ்டியோசைட்டோமா. பெரும்பாலும் இளம் நாய்களுக்கு வருவது; சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இரண்டாவது மாஸ்ட் செல் கட்டி. இது புற்று வகை. கசக்கினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டுச் சுற்றிலும் வீங்கும். சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டும். மூன்றாவது தொற்றுப் புற்றுக்கட்டி. இணைசேரும்போது நாய்க்கு நாய் பரவுவது. பிறப்புறுப்பில் மிகுதி, மூக்கிலும் தோலிலும் சிற்சில வேளை. ருஷ்ய நாட்டு நோவின்ஸ்கி 1876இல் இக்கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். பரவுவது கிருமியன்று, புற்றுச் செல்லே என்பது 2006இல் மரபணுச் சோதனையால் உறுதியாயிற்று. இதற்குக் கத்தியைவிட வின்கிரிஸ்டின் ஊசியே சிறந்தது. அம்மருந்து கிடைப்பது நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து!

ஒன்றுக்குப் பொறுமை, ஒன்றுக்குக் கத்தி, ஒன்றுக்கு ஊசி. மாற்றிச் செய்தால் நாய் வீணாக வதைபடும், அல்லது சாகும்.

எது எதுவென்று பிரித்தறிவது எப்படி? முதலில் மருத்துவர் ஊசியால் சில செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பார். ஐயம் தீராவிடில் திசுத் துண்டு எடுப்பார். துண்டைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் அதை இட வேண்டும், இல்லையேல் அழுகும். பிறகு ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தெளிவித்து, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோட்டோமால் சுமார் 5 மைக்ரான் கனத்தில் சீவுவர். ஹீமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். ஈயோசின் சைட்டோபிளாசத்தைச் சிவக்க வைக்கும். நம் செய்முறை வகுப்பில் பயிலும் அதே முறைதான் இது!

மூன்று கட்டிகளிலும் உருண்டைச் செல்களே நிறைந்திருக்கும். ஆயினும் டொலுயிடின் நீலச் சாயமிட்டால் மாஸ்ட் செல்லின் துகள்கள் மட்டும் ஊதாவாக மாறித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். கட்டியின் கொடுமையையும் தகடு சொல்லும். 1984இல் பட்நாயக் குழுவினர் தோலின் மாஸ்ட் செல் கட்டிகளை மூன்று தரமாகப் பிரித்தனர். 2011இல் வந்த மற்றொரு முறை, செல் பிரிதலையும் உட்கருவின் உருவையும் கொண்டு இரண்டே தரமாக்கியது. வெட்டியெடுத்த துண்டின் விளிம்பில் புற்றுச் செல் இருந்தால், உடலில் மிச்சம் இருக்கக்கூடும் என்று பொருள்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊரில் நாய்க்குக் கட்டி கண்டால் சூட்டுக்கோலைத் தடுத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அறுத்தெடுத்த கட்டியைக் குப்பையில் எறியாமல் ஆய்வுக்கு அனுப்புமாறு மருத்துவரை வேண்டுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் இதற்கென நோய்க்குறியியல் துறைகள் உள்ளன. வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்லாது. அதன் திசு சொல்லும்.