கத்தி முதுகில் ஒரு கொக்கி

கேள்வி: கையால் செய்த வேட்டைக் கத்தியில் குடல் கொக்கி வைப்பது எப்படி?

பதில்: கத்தி முதுகில், முனையை ஒட்டி வெட்டப்படும் அரைவட்டப் பள்ளமே குடல் கொக்கி. அதன் உள்விளிம்பு மட்டுமே கூர். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். தோலில் சிறு கீறலிட்டு, கொக்கியை மாட்டி இழுத்தால் வயிற்றுத் தோல் ஜிப் போலத் திறக்கும்; முனை உள்ளே இறங்காததால் குடல் கிழிந்து இறைச்சி கெடாது.

எஃகைக் கடினமாக்கும் தோய்ச்சலுக்கு முன்பே, அது மென்மையாக இருக்கையில் கொக்கியை வெட்டிவிட வேண்டும். தோய்ச்சல் ஏறிய தகட்டில் சாதாரண டிரில் வழுக்கும். சாணையில் பிடித்தாலோ விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் கூர் நிற்காது. முதுகிலிருந்து சற்று உள்ளே சுமார் 8 மி.மீ. துளையிட்டு, அதிலிருந்து முதுகு வரை சாய்வாக அறுத்து வாய் திறக்கலாம். உள்விளிம்பைச் சரிக்க, சங்கிலி ரம்பம் தீட்டும் உருண்டை அரம் போதும். தோய்ச்சலில் விரிசல் விடாதிருக்க, கூர்விளிம்பைக் கால் மில்லிமீட்டராவது தடிப்பாக விட்டு, கடைசியில் உருண்டை வைரக்கோலால் தீட்ட வேண்டும்.

வெட்டும் பக்கத்துக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்த கத்திக்குக் கொக்கி ஒத்துவராது. முதுகு மென்மையாகவே இருப்பதால் கொக்கியில் கூர் நிற்காது. கொக்கி, கத்தி முனையின் பலத்தையும் குறைக்கும். முதுகில் தட்டி விறகு பிளக்கும் பழக்கமுள்ளவர்கள் கொக்கிக்கென்று தனிக் கத்தி செய்துகொள்வதே நல்லது.