பத்துமலைக்குத் தனியா போறீங்களா? நாலு கேள்விக்கு முதல்ல பதில் எழுதுங்க



போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, பத்துமலைக்கு வர்றதா வேண்டிக்கிட்டேன். கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கழண்டுக்கிட்டாங்க. தனியா போகலாமா?" தாராளமா போகலாம். நானே அப்படித்தான் போயிட்டு வந்தேன். ஆனா எப்படித் திட்டம் போடணும்னு சொல்லாம "போங்க"ன்னு மட்டும் சொன்னா அது தப்பு. அதனால இந்த வாரப் பாடம் இதுதான்.

நான் குமராட்சிக்காரன். வேலை சென்னையில. கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுத்துட்டேன்னு வீட்ல சொன்னதும் அம்மா கேட்டது, "தொணைக்கு யாரு வர்றா?" "முருகன் வர்றாரும்மா"ன்னேன். "ஏர்போர்ட்ல ஆபீசர் கேள்வி கேட்டா முருகன் வந்து பதில் சொல்வாராடா?"ன்னாங்க. அப்போ சிரிச்சுட்டேன்.

அம்மா பயந்ததுக்குக் காரணம் இருக்கு. எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் மலாயா போனவர். ரெண்டு கடுதாசி வந்துச்சாம், அப்புறம் ஒண்ணும் இல்ல. எங்க பக்கம், கொள்ளிடக்கரை ஊர்கள்ல, இந்த மாதிரி கதை நிறைய வீட்ல இருக்கும். சென்னையிலயும் நாகப்பட்டினத்துலயும் கப்பல் ஏறினா பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். கடைசிக் காலத்துல ஓடின பயணிகள் கப்பலுக்குப் பேரே 'எம்.வி. சிதம்பரம்'! 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு, பலர் இறந்து, அதோட அந்தக் கப்பல் காலமே முடிஞ்சது.

ரெண்டாவது காரணம் பழைய கதை இல்ல. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன், பேர் வேண்டாம். ஒரு ஏஜெண்ட் "டூரிஸ்டா போ, அங்க போனதும் வேலை பர்மிட் மாத்தித் தர்றோம்"னு லட்சக்கணக்குல வாங்கிட்டு அனுப்பி வச்சார். கோலாலம்பூர்ல இறங்கி இமிகிரேஷன் வரிசையில நின்னான். "எங்க தங்கப்போற?"ன்னு கேட்டாங்க. கையில இருந்த ஓட்டல் புக்கிங் போலி. அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. வாங்கின கடனை அவங்க அப்பா இன்னும் கட்டிக்கிட்டு இருக்கார்.

அந்தக் கவுண்டர்ல கேட்கிறது பெரும்பாலும் நாலு கேள்விதான். எதுக்கு வந்தீங்க? எங்க தங்குறீங்க? எப்போ திரும்பிப் போறீங்க? கையில எவ்வளவு இருக்கு? கூட ஆள் இருந்தா ஒருத்தர் தடுமாறினாலும் இன்னொருத்தர் சொல்லிடுவார். தனியா போறவங்களுக்கு அந்த வசதி இல்ல. அதனால நான் திட்டம் போட்டப்போ இந்த நாலு கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிட்டுத்தான் மத்த வேலையை ஆரம்பிச்சேன். பதில் தெளிவா வந்ததும் பயணத் திட்டமே முடிஞ்சு போச்சு.

முதல்ல, எதுக்கு? இதுல நம்ம ஆளுங்க பண்ற தப்பு, நாலு நாள்ல பத்துமலை, கெந்திங், பினாங்கு, முடிஞ்சா சிங்கப்பூர்னு அடுக்குறது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலும் அருமையான இடம்தான், அங்க படி 500க்கு மேல. ஆனா கோலாலம்பூர்லேருந்து 350 கிலோமீட்டர் பக்கம். போக வரவே ஒரு நாள் போயிடும். முதல் தடவை, தனியா, குறைஞ்ச நாள் என்றால் ஒரே ஊர், ஒரே காரணம். எனக்கு அது பத்துமலை.

அந்த இடத்தைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நகரத்துக்கு வடக்கே 13 கிலோமீட்டர்ல, சிலாங்கூர் மாநிலத்துல இருக்கு. சுண்ணாம்புப் பாறை, வயசு ஏறத்தாழ 40 கோடி வருஷம்னு சொல்றாங்க. தம்புசாமிப் பிள்ளைன்னு ஒரு தமிழர், குகை வாசல் வேல் வடிவத்துல இருக்கிறதைப் பார்த்து அங்க முருகனை வச்சார்னு சொல்வாங்க. 1892லேருந்து அங்க தைப்பூசம் நடக்குது. ஊருக்குள்ள இருக்கிற ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை 1873ல தொடங்கினவரும் அவர்தான். இன்னிக்கும் தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி வெள்ளி ரதம் அந்த மாரியம்மன் கோயில்லேருந்துதான் பத்துமலைக்குக் கிளம்பும். அதனால ரெண்டு கோயிலையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கதை முழுசா புரியும்.

கீழே நிக்கிற தங்க முருகன் சிலை 42.7 மீட்டர், 2006 ஜனவரியில திறந்தாங்க. செஞ்சவர் நம்ம திருவாரூர்க்காரர், தியாகராஜன் ஸ்தபதி. 2022ல சேலம் ஆத்தூர் பக்கம் திறந்த முத்துமலை முருகன் சிலையும் அவர் கைவண்ணம்தான், அது இதைவிடக் கொஞ்சம் உயரம். மலேசியா போக இன்னும் காசு சேரலைன்னா ஆத்தூருக்கு பஸ் ஏறுங்க, தப்பே இல்ல.

தைப்பூசத்தன்னிக்கே போகணும்னு ஆசை இருக்கும். முதல் தனிப் பயணத்துக்கு அது வேண்டாம்னுதான் சொல்லுவேன். லட்சக்கணக்கான கூட்டம், ரூம் வாடகை ஏறும், போன் தொலைஞ்சா தேட ஆள் இல்ல. சாதாரண நாள் காலையில போனா, 272 படியும் ஏறி முருகன் முன்னாடி நின்னு நிதானமா கும்பிடலாம்.

எங்க தங்குறது? ரொம்ப யோசிக்க வேண்டாம், பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கதான் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கு. ஏர்போர்ட் ரயில், பத்துமலை ரயில், நகர ரயில் எல்லாம் அங்க வரும். லிட்டில் இந்தியா தெருவும் அங்கதான், தமிழ்ல கேட்டே சாப்பிடலாம். இலங்கைத் தமிழர் கட்டின கந்தசாமி கோயிலும் ஸ்காட் ரோட்ல இருக்கு, நடந்தே போயிடலாம். இன்னும் ரெண்டாயிரம் ரூபா கம்மியா கிடைக்குதுன்னு ஊருக்கு வெளிய ரூம் எடுத்தா, அந்தக் காசு டாக்ஸிக்கே போயிடும். ரூம் புக்கிங்கை பிரிண்ட் எடுத்துக்கோங்க. போன்ல சார்ஜ் இல்லாதப்போதான் கேட்பாங்க!

எப்போ திரும்புறது? போக, வர ரெண்டு டிக்கெட்டும் சேர்த்தே எடுங்க. எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் திருச்சிதான் சௌகரியம். சிதம்பரத்துல ரயில் ஏறினா மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியா திருச்சி. அங்கேருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், நாலு மணி நேரம் பக்கம். அங்க மணி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம், குழப்பிக்காதீங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம், பேர். நம்ம ஊர்ல இனிஷியல் வச்சுப் பழகிட்டோம். பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதே எழுத்து டிக்கெட்ல இருக்கணும். பாஸ்போர்ட்ல 'சர்நேம்' கட்டம் காலியா இருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒத்தைப் பேரை எப்படி நிரப்பணும்னு அந்த விமானக் கம்பெனியோட விதியைப் படிங்க. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்லுபடியாகணும்.

விசாவுக்கு இப்போ செலவு இல்ல. 2023 டிசம்பர் 1லேருந்து இந்தியர்கள் 30 நாள் வரைக்கும் விசா இல்லாம போகலாம், 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. டிக்கெட் போடுற அன்னிக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. எம்டிஏசின்னு ஒரு வருகை அட்டை ஆன்லைன்ல நிரப்பணும், போய்ச் சேர்றதுக்கு மூணு நாளைக்குள்ள. அது இலவசம். கூகுள்ல தேடினா காசு கேட்கிற போலித் தளங்கள் முதல்ல வரும். முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்'னு வருதான்னு பாருங்க.

பாஸ்போர்ட்ல ஈசிஆர் முத்திரை இருக்கிற தம்பிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு வர்ற முத்திரை அது. ஈசிஆர் நாடுகள் பட்டியல்ல மலேசியாவும் இருக்கு. வேலைக்குப் போறதுன்னா அரசாங்க அனுமதி வேணும், சுற்றுலாவுக்கு வேண்டாம். ஆனா நம்ம ஊர் ஏர்போர்ட்லயே கூடுதலா விசாரிப்பாங்க, திரும்பற டிக்கெட்டும் ரூம் புக்கிங்கும் கையில இருக்கணும். யாராவது "டூரிஸ்டா போய் வேலை பாரு"ன்னு சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. சுற்றுலாவா போனவங்க அங்க வேலை பார்க்கக் கூடாது. நாள் தாண்டித் தங்கினா அபராதம், சிறை ரெண்டுமே உண்டு. நிஜமா வேலைக்குப் போறதா இருந்தா, ஏஜெண்ட் பதிவு பெற்றவரான்னு இ-மைக்ரேட் தளத்துல பாருங்க.

காசு விஷயம் சுருக்கமா. ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேலன்னு வச்சுக்கோங்க. மூணு ராத்திரி, நாலு நாளுக்கு விமானம் உட்பட எனக்கு 30,000க்குள்ள முடிஞ்சது. கொஞ்சம் ரிங்கிட் நோட்டு, ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, ரெண்டையும் வேற வேற இடத்துல வைங்க. ஏர்போர்ட்லேருந்து எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரம், 55 ரிங்கிட். பஸ்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், காசு மூணுல ஒரு பங்கு கூட வராது. நான் பஸ்தான். ரயிலுக்கெல்லாம் டச் அண்ட் கோ கார்டு, ராத்திரி கிராப் ஆப். பிளக் பாயிண்ட் தட்டையான மூணு முள்ளு, அடாப்டர் எடுத்துட்டுப் போங்க.

பையில என்ன வைக்கக் கூடாதுன்னும் சொல்லணும், ஏன்னா நம்ம பை சாதாரணப் பை இல்ல, பூஜைப் பை. கற்பூரம் தீப்பிடிக்கிற பொருள், விமானத்துல எங்கயும் வைக்க முடியாது. கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான். சின்ன வேல் இருந்தா செக்-இன் பையில போடுங்க, கையில கொண்டு போனா பிடுங்கிடுவாங்க. பஞ்சாமிர்த டப்பா கேபின் பையில போகாது. அப்புறம், "அங்க என் மச்சானுக்கு இந்தப் பார்சலை மட்டும் கொடுத்துடுப்பா"ன்னு ஏர்போர்ட்ல யார் வந்தாலும், சொந்தக்காரரே ஆனாலும், முடியாதுன்னு சொல்லுங்க. போதைப்பொருள் வழக்குல அங்க மரண தண்டனை வரைக்கும் போகும். பை உங்க கையில இருந்தா அது உங்க பைதான்.

பத்துமலை போற அன்னிக்கு நான் பண்ணின கூத்து. கேஎல் சென்ட்ரல்ல கேடிஎம் கொம்யூட்டர் பிளாட்பாரத்துல வந்த வண்டியில ஏறிட்டேன். அது தஞ்சோங் மாலிம் போற வண்டி. புத்ரா ஸ்டேஷன் தாண்டினதும் ரெண்டு பாதையும் பிரியும். செகாம்புட்னு போர்டு பார்த்தப்புறம்தான் முழிச்சேன். இறங்கி, திரும்ப புத்ரா வந்து, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, ஒரு மணி நேரம் போச்சு. வண்டி முகப்புல 'பத்து கேவ்ஸ்'னு எழுதியிருக்கான்னு பார்த்து ஏறுங்க. சரியான வண்டின்னா அரை மணி நேரம், மூணு ரிங்கிட்டுக்குள்ள. நடுவுல இருக்கிற பிங்க் போர்டு பெட்டி பெண்களுக்கு, தம்பிகள் ஏறிடாதீங்க. தனியா போற தங்கைகளுக்கு அந்தப் பெட்டி நிஜமாவே நிம்மதி.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஏழு ஏழரைக்குள்ள படிக்கட்டுக்கிட்ட இருங்க. முட்டி மறையற மாதிரி உடை போடுங்க. கையில பிளாஸ்டிக் கவர் இருந்தா குரங்குகள் விடாது, பழம் பூ எல்லாம் முதுகுப் பைக்குள்ள. விரதம் இருக்கிறவங்க சாப்பாட்டுல கவனம்: நாசி லெமாக்ல நெத்திலி இருக்கும், சம்பல்ல இறால் விழுது சேர்ப்பாங்க, காய்கறின்னு நினைச்சு வாங்கினதுலயும் இருக்கலாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில சைவம்னு கேட்டு வாங்குங்க.

ரோட்ல நடக்கும்போது பையை வண்டி ஓடாத பக்கமா மாட்டுங்க, பைக்ல வந்து பறிக்கிறது அங்க உண்டு. அவசரத்துக்கு 999. பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல போலீஸ் புகார், அப்புறம் மோன்ட் கியாரா பகுதியில இருக்கிற இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட் நகல் ஒண்ணை வீட்ல கொடுத்துட்டுப் போங்க. நான் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு (நம்ம ஊர்ல ஆறரை) அம்மாவுக்கு வீடியோ கால் போடுறதா சொல்லியிருந்தேன். ரெண்டாம் நாள் பத்து நிமிஷம் லேட்டாச்சு, ஏழு மிஸ்டு கால்.

திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரி சிதம்பரத்துல இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வீடு வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அம்மா கேட்டாங்க, "ஆபீசர் என்னடா கேட்டார்?"

"எங்க தங்குறேன்னு கேட்டார்மா. பேப்பரைக் காட்டினேன். முத்திரை குத்திட்டார்."

"அவ்வளவுதானா?"ன்னாங்க. அப்புறம் கையை நீட்டினாங்க. "விபூதி எங்க?"