நடக்க நடக்க மெருகேறும் தரை

வீட்டை அழகுபடுத்தும் முறைகள் காலந்தோறும் மாறுகின்றன. இன்று விரும்பி வாங்கும் திரைச்சீலையும் சுவர் வண்ணமும் சில ஆண்டுகளில் பொலிவிழக்கும். ஆயினும், புழங்கப் புழங்க அழகு கூடும் பொருள்களும் உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல் அவற்றுள் ஒன்று.

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர். இங்குள்ள கைவினைஞர்கள் கண்ணாடியின்மீது உலோக அச்சினை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சினை எடுத்தபின், மணலும் சிமெண்டும் கலந்த கலவையை மேலே பரப்பி அழுத்துவர். இறுகிய கல்லை நீரில் ஊறவைத்து உலர்த்துவர், சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்திற்கு வந்து சேர்கிறது.

பதித்த நாளைவிட, பல ஆண்டுகள் மக்கள் நடந்தும் துடைத்தும் புழங்கிய பின்னரே இத்தரை மிகுந்த மெருகு பெறும். செட்டிநாட்டின் பழைய வீடுகளில் இதனை இன்றும் காணலாம்.

பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பம் தரையை எடுத்துச்செல்ல இயலாது. ஆனால், ‘இப்பொருள் புழங்கப் புழங்க அழகு பெறுமா?’ என்னும் வினாவை எவ்வூருக்கும் எடுத்துச்செல்லலாம்.

சொற்பொருள்
பொலிவு – அழகு
மெருகு – பளபளப்பு
சூளை – செங்கல் முதலியவற்றைச் சுடும் இடம்

பயிற்சி
1. ஆத்தங்குடிக் கல்லுக்கு வழவழப்பு எவ்வாறு கிடைக்கிறது?
2. ‘நடக்க நடக்க’ என்பது போன்ற அடுக்குத்தொடர்கள் இரண்டு எழுதுக.
3. உங்கள் குடும்பத்துடன் ஊர்கள் பல கடந்து வந்த பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.