பிணத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது

வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் ஆள் போன மாதிரிதான், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பிணத்துக்குப் பில் போடும் வேலை. இதை நெய்வேலி மெயின் பஜாரில் கேட்டிருக்கிறேன். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக் காவடி பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். புத்தகக் கண்காட்சியில் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த நர்ஸ் நான் என்று தெரிந்தும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். "உங்களுக்குத் தெரியும் சிஸ்டர், ஆனா சொல்ல மாட்டீங்க" என்று ஒரு சிரிப்பு வேறு. ஆதாரம் கேட்டால் அத்தனை பேரும் ஒரே ஆதாரத்தைத்தான் காட்டுகிறார்கள். ரமணா.

2002 தீபாவளிக்கு வந்த படம். ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கம். இறந்துபோன ஒருவரின் உடலை, மரணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே விஜயகாந்த் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். சேர்த்துக்கொள்வார்கள், உள்ளே ஓடுவார்கள், பணம் கட்டச் சொல்வார்கள், கடைசியில் வந்து 'காப்பாற்ற முடியவில்லை' என்பார்கள். அப்போது சான்றிதழை எடுத்து நீட்டுவார். தியேட்டரில் விசில் பறந்தது. 2003-ல் தெலுங்கில் தாகூர், 2015-ல் இந்தியில் கப்பர் இஸ் பேக் என்று அந்தக் காட்சி ஊர் ஊராகப் போனது. டி.வி.யில் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று சேனல்காரர்களைத்தான் கேட்க வேண்டும். சீரியலில் ஆஸ்பத்திரி வில்லன் வருகிற இடத்திலெல்லாம் அதன் சாயல் இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்தப் படத்தைக் குறை சொல்வது லேசான காரியமில்லை. பக்கத்து விருத்தாசலத்தில்தான் 2006-ல் கேப்டன் விஜயகாந்த் முதல் முறையாக எம்.எல்.ஏ. ஆனார். எனக்கும் அவரைப் பிடிக்கும். அந்தப் படத்தில் இருக்கிற கோபமும் நியாயமானதுதான். ஆனால் சினிமாவில் ஒருநாள் கூத்தாகக் காட்டியதை ஜனங்கள் நாள்கணக்குக்கு நீட்டிவிட்டார்கள். "செத்து மூணு நாள் ஆச்சு, வெளிய சொல்லல" என்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும் மெஷின். இதயத்தைத் துடிக்க வைக்கும் வேலை அதற்குத் தெரியாது. இதயம் நின்று ரத்த ஓட்டமும் நின்றுவிட்டால், நுரையீரலுக்குள் போன ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போக ஆள் கிடையாது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். விரலில் மாட்டிய கிளிப் அலை காட்டாது. கை நரம்பில் போட்ட மருந்து கையிலேயே நிற்கும். ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பின் கீழ்ப் பக்கத்தில் ரத்தம் தேங்கி, முதுகில் ஊதாத் திட்டுகள் தெரியும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இமையும் தாடையும் விறைக்க ஆரம்பிக்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்க விறைத்துவிடும். ஏ.சி. கொஞ்சம் தள்ளிப்போடும், தடுக்காது. மூன்றாம் நாள் அந்தப் படுக்கைப் பக்கம் யாராலும் நிற்க முடியாது, எந்த ஸ்ப்ரே அடித்தாலும். சாவு வீட்டில் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியனுப்ப இரண்டு மணி நேரம் தாமதமானால் என்ன பாடு படுகிறோம் என்று தெரிந்த ஜனங்கள்தானே இதையும் நம்புகிறார்கள்! அதுதான் எனக்கு ஆத்திரம்.

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உள்ளே பார்க்க விடும்போது மானிட்டரைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்குப் புரியாது. கட்டிலின் பக்கவாட்டில் தொங்குகிற யூரின் பையைப் பாருங்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லியாவது இறங்க வேண்டும் என்பது நாங்கள் பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு மணிக்கும் அளந்து சார்ட்டில் எழுதுவோம். காலையில் பார்த்ததை விட மாலையில் பையில் ஏறியிருந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது, இதயம் அனுப்புகிறது. பிணம் சிறுநீர் பிரிக்காது. (கிட்னி செயலிழந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு உள்ளங்கைச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள்.)

ஏமாற்று வேலையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. தேவையில்லாத ஸ்கேன் உண்டு, வார்டுக்கு மாற்ற வேண்டியவரை இன்னும் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் வைப்பது உண்டு, பிழைக்க வழியில்லை என்று தெரிந்தும் அதைக் குடும்பத்திடம் உடைத்துச் சொல்லாமல் இழுப்பது உண்டு. ஆனால் இதெல்லாம் உயிரோடு இருப்பவரை வைத்து நடப்பது. பிணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறவன் கண்ணுக்கு இந்த ஏமாற்று எதுவும் படாது. ரமணா காட்சியை நம்புவதால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வதந்திக்கு வேறு மூன்று இடங்களிலிருந்தும் தீனி கிடைக்கிறது.

ஒன்று மூளைச்சாவு. மூளை முழுவதுமாகச் செத்துவிட்டது, மூச்சு வராது, மெஷின் காற்றுக் கொடுப்பதால் இதயம் மட்டும் இன்னும் சில நாள் துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்தான் 'செத்தவரை வைத்திருக்கிறார்கள்' என்கிறார். 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மூளைச்சாவு என்று அறிவிக்க முடியும். மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. 2008-ல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் பெற்றோர், இருவருமே டாக்டர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இது வீட்டுப் பேச்சானது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. இப்படி வருகிறவர்களில் பாதிக்கு மேல் பைக்கில் போய் விழுந்தவர்களாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். 

இரண்டாவது 2016. செப்டம்பர் 22-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதிலிருந்து டிசம்பர் 5 வரை 75 நாள். படம் வெளியே வரவில்லை, செய்தி சொட்டுச் சொட்டாக வந்தது. ஊரே ரமணா காட்சியை ஓட்டிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த எய்ம்ஸ் டாக்டர்கள் குழு, கொடுத்த சிகிச்சை சரியானதே என்று 2022-ல் அறிக்கை கொடுத்தது. அவர் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் இறந்த நேரம் பற்றி வேறு சொன்னது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. வாயை மூடிக்கொண்ட ஆஸ்பத்திரி வாசலில் கதை கட்டுகிறவன் வந்து உட்காருவான். அது ஆஸ்பத்திரிக்காரர்களின் தப்பு.

மூன்றாவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப நெருக்கமானது. தீக்காயம். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள், அடுத்த நாட்களில் இன்னும் சிலர். அதே ஆண்டு மே மாதமும் ஒரு விபத்து. தீக்காயம் பட்டவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார், பெண்டாட்டியிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். ஆனால் சூட்டையும் புகையையும் இழுத்த தொண்டை உள்ளுக்குள் வீங்கிக்கொண்டே வரும். முழுக்க அடைத்த பிறகு குழாய் போட இடமிருக்காது. அதனால்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். தோல் போன உடம்பில் கிருமி ஏறி பத்தாம் நாள், இருபதாம் நாள் உயிர் போகிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிவது, 'பேசிட்டிருந்த மனுஷனை மெஷின்ல வச்சுக் கொன்னுட்டாங்க.' இதை உட்கார வைத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. சொல்ல வேண்டும்.

சரி, டி.வி.க்கு வருகிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைச் சீரியலில் எப்படிக் காட்டுகிறார்கள்? மூக்கின் மேல் பிளாஸ்டிக் மாஸ்க். அதைக் கழற்றிவிட்டு மூன்று நிமிஷம் வசனம் பேசிவிட்டுத் தலை சாய்கிறார். அது ஆக்சிஜன் மாஸ்க், வென்டிலேட்டர் கிடையாது. வென்டிலேட்டர் குழாய் பெரும்பாலும் வாய் வழியாகக் குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். ஒரு வார்த்தை பேச முடியாது. பக்கத்தில் நர்ஸ் என்று ஒரு பெண், வெள்ளைத் தொப்பி, கையில் டிரே. "டாக்டர் வர்றார்" என்பதுதான் அவளுடைய ஒரே வசனம். டாக்டர் வருவார், நாடி பிடிப்பார், மானிட்டரைப் பார்ப்பார், எல்லாவற்றையும் அவரே கண்டுபிடிப்பார்.

அந்தப் பெண் நிஜத்தில் ராத்திரி முழுக்க என்ன செய்கிறாள்? குழாயில் சளி கரகரவென்று சத்தம் கேட்டால் சக்‌ஷன் போடுகிறாள். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது, ஆக்சிஜன் இறங்கிவிடும். அதற்குள் எடுத்துவிட்டு முகம் நீலமாகிறதா என்று பார்க்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், முதுகில் புண் வராமல் இருக்க. தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறாள். வாயைத் துடைக்கிறாள், மூடாத கண்ணில் ஜெல் போடுகிறாள், குழாயின் பலூனில் காற்று சரியாக இருக்கிறதா என்று அளக்கிறாள். பி.பி. இறங்குவதை முதலில் பார்ப்பவள் அவள். டாக்டரை எழுப்புபவளும் அவள். இதில் வசனம் இல்லை, அதனால் கேமராவுக்கு வேலை இல்லை. 1961-ல் பாலும் பழமும் படத்தில் சரோஜாதேவி நர்ஸ். அங்கேயும் அவர் பெருமை டாக்டரைக் காதலித்துத் தியாகம் செய்வதில்தான். அடுத்த வருஷம் ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம். கதையே ஆஸ்பத்திரிக்குள், ஆனாலும் அது டாக்டரின் தியாகம். அறுபது வருஷமாக நாங்கள் டிரேயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மற்ற கதைகளைச் சட்டுபுட்டென்று முடித்துவிடுகிறேன். மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுத்து எழுப்புவது பொய். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் ஷாக். நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலினும்தான். மயங்கி விழுந்தவளின் கையைப் பிடித்துப் பார்த்து "நல்ல செய்தி" என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது, சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். 'தாயா, குழந்தையா?' என்று எந்த லேபர் வார்டிலும் புருஷனிடம் ஏலம் விடுவதில்லை. எங்களுக்குத் தாய்தான் முதலில். தலையில் மறுபடி அடிபட்டால் போன ஞாபகம் திரும்பாது, இருப்பதும் போகும். '72 மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்' என்பதை மட்டும் கேலி செய்யாதீர்கள். மூளை வீக்கம் உச்சத்துக்கு வர மூன்று நாளுக்கு மேலும் ஆகும், இதயம் நின்று மீண்டவரைக் கணிப்பதற்கும் அந்த அவகாசம் உண்மையிலேயே தேவை. பாரதி கண்ணம்மாவில் ஹீரோவே டாக்டர். ஒரு டி.என்.ஏ. டெஸ்ட்டில் முடிய வேண்டிய சந்தேகத்தை 2019-ல் தொடங்கி வருஷக்கணக்காக இழுத்தார். அதைப் பற்றி ஊரே கேலி செய்துவிட்டது, நான் என்ன சொல்ல.

சீரியல் காட்டாத இன்னொன்று சம்பளம். 2015-ல் தேர்வு எழுதி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தனியாரில் பல இடங்களில் இதைவிட மோசம். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். நடைமுறையில் ஒருத்தி மூன்று வென்டிலேட்டருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மூன்று பேருக்குச் சக்‌ஷன், மூன்று பேரைப் புரட்டுவது, மூன்று சார்ட். ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதில்தான் நுரையீரலில் கிருமி ஏறுகிறது, முதுகில் புண் வருகிறது, நாலு நாளில் முடிய வேண்டியது பதினாலு நாளாகிறது. பில் ஏறுகிற வழிகளில் ஒன்று இது.

ஆகையால் உங்கள் வீட்டில் யாருக்காவது வென்டிலேட்டர் வேண்டும் என்று சொன்னால், ஆம்புலன்ஸ் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எதற்காக வைக்கிறீர்கள், எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா, நாளைக்கு எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று டாக்டரைக் கேளுங்கள். இனி பயனில்லை என்று அவர் சொன்னால் அதையும் நம்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்து டாக்டர்களுக்கான விதி, உங்கள் உரிமை. கடைசியாக, கையெழுத்துப் போடும் முன் இதையும் கேளுங்கள்: இன்று ராத்திரி டியூட்டியில் இருக்கும் சிஸ்டர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? மூன்று என்று பதில் வந்தால், பில்லுக்குப் போடுகிற சண்டையை அங்கேயே, அதற்காகப் போடுங்கள்.