நீட் உயிரியல்: மார்க் எங்கே போகிறது? எக்செல் காட்டிக் கொடுக்கும்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் பிள்ளை படிப்புக்கு என்ன பயன்?" என்பதுதான். சென்ற மாதம் ஏரலுக்குப் போயிருந்தபோது என் சித்தியும் இதையே கேட்டார். அவர் மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். "பாடம் எல்லாம் மனப்பாடம்ணே. கணக்கு மாதிரி வர்ற கேள்வியிலதான் மார்க் போயிருது" என்றாள்.

2025 நீட் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள். அதில் உயிரியல் மட்டும் 90. சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கழிவு. அதாவது, தெரிந்த கேள்வியைத் தவறவிட்டால் நஷ்டம் 5 மார்க். பத்துக் கேள்வி என்றால் 50!

அவளிடம் ஒரு கேள்வி கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஹார்டி-வைன்பெர்க் சமநிலையில் உள்ள ஓர் உயிரினக் கூட்டத்தில் 16 சதவீதம் பேரிடம் ஒடுங்கு பண்பு வெளிப்படுகிறது. ஹெட்டிரோசைகஸ் உயிரிகள் எத்தனை சதவீதம்? 84, 36, 24, 48.

ஒடுங்கு பண்பு வெளியே தெரிய இரண்டு ஒடுங்கு அல்லீல்கள் வேண்டும். எனவே 0.16 என்பது ஒடுங்கு அல்லீல் அளவின் வர்க்கம். வர்க்கமூலம் 0.4. ஓங்கு அல்லீல் 1 - 0.4 = 0.6. ஹெட்டிரோசைகஸ் 2 x 0.6 x 0.4 = 0.48. விடை 48 சதவீதம்.

அவள் குறித்தது 84. நூறில் 16 போக மீதி. அது ஓங்கு பண்பு தெரியும் எல்லோரையும் சேர்த்த கணக்கு. 2-ஆல் பெருக்க மறந்தால் 24 வரும். ஓங்கு அல்லீலை மட்டும் வர்க்கம் செய்தால் 36 வரும். பார்த்தீர்களா? தவறான விடைகள் சும்மா போட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வழுக்கலுக்காகக் காத்திருக்கிறது. ஆகவே, தவறு என்று மட்டும் தெரிந்தால் போதாது. எந்தப் படியில் வழுக்கினோம் என்று தெரிய வேண்டும். இதற்குத்தான் கம்ப்யூட்டர்.

1. எக்செல்லைத் திறக்கவும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

2. முதல் வரிசையில் தேதி, பாடம், குறித்த விடை, சரியான விடை, வழுக்கிய படி என ஐந்து தலைப்புகள் தட்டவும்.

3. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை. கடைசிக் கட்டத்தில் இந்த நான்கில் ஒன்றை மட்டும், எழுத்து மாறாமல் தட்டவும்: பாடம் தெரியவில்லை, கேட்டதைக் கவனிக்கவில்லை, விதி மாறியது, பெருக்கல் தவறு.

4. தலைப்பு ஒன்றில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் ஃபில்டரைத் தேர்வு செய்யவும். கால்க்கில் இதன் பெயர் ஆட்டோஃபில்டர். தலைப்புகளில் சிறு அம்புக்குறி வரும். வழுக்கிய படிக்கான அம்பை அழுத்தி ஒரு காரணத்தை மட்டும் டிக் செய்தால், அந்த வரிசைகள் மட்டும் நிற்கும். எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை போனில் சொன்னாள். 20 தவறுகளில் பாடம் தெரியாதது 3 மட்டுமே. கேட்டதைக் கவனிக்காதது 11! இத்தனை நாளும் அவள் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கேள்வியின் கடைசி வரியை அடிக்கோடிட்ட பிறகே பேனாவை நகர்த்துகிறாள்.

ஒரு எச்சரிக்கை. தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. எனவே கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். சரிபார்க்க மட்டும் விண்டோஸ் கால்குலேட்டரைத் திறங்கள். நாம் வழுக்கிய இடத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைக்கும். வழுக்காமல் நடப்பது நம் வேலை.

இன்றைய தவறை இன்றே பதிவு செய்யுங்கள். ஃபைலைச் சேவ் செய்ய மறக்க வேண்டாம்!