பாலைவன ஆற்றில் பருந்தைத் தேடுவது எப்படி?

பருந்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாக வானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கோடைக்காலத்துப் பாலைவனத்தில் அப்படித் தேடினால் கழுத்து வலிதான் மிஞ்சும். அங்கே முதலில் தேட வேண்டியது நீரை!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சான் பெட்ரோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். இது மெக்சிகோவில் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, ஹீலா ஆற்றில் கலக்கிறது. கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது ஆற்றின் சில பகுதிகளில் வெறும் மணல்தான் தெரியும். ஆயினும் கரையில் காட்டன்வுட் என்னும் உயர்ந்த மரங்கள் பசுமையாக நிற்கின்றன. காரணம் என்ன? மணலுக்கு அடியில், அதிக ஆழமில்லாமல், நிலத்தடி நீர் இருக்கிறது. வேர்கள் அதை எட்டிவிடுகின்றன. மரம் இருப்பதால் நிழலும் கூடு கட்டக் கிளையும் கிடைக்கின்றன. நீர் இருப்பதால் இரையும் கிடைக்கிறது.

இனி, எந்தப் பருந்து எதைத் தின்கிறது என்று கேளுங்கள். அது இருக்கும் இடம் புலப்பட்டுவிடும்.

சாம்பல் பருந்துக்கு ஓணான், பல்லி இனங்களே முக்கிய உணவு. காட்டன்வுட் மரத்தில் கூடு கட்டி, அருகிலுள்ள மெஸ்கீட் மரக்காட்டில் வேட்டையாடும். மெஸ்கீட், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இலைகளுக்குள் இப்பருந்து மறைந்திருப்பதால், கண்ணைவிடக் காதே உதவும். வெயில் ஏறுமுன் சென்றால் அதன் நீண்ட சீழ்க்கை ஒலியைக் கேட்கலாம்.

கறுப்புப் பருந்து மீனையும் தவளையையும் பிடிக்கும். ஆகவே ஆழமற்ற ஓடைக்கு மேலே தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள். சான் பெட்ரோவில் கலக்கும் அரவைப்பா ஓடை இதற்குப் பேர்போன இடம்.

பட்டைவால் பருந்தைக் காண மட்டும் வானத்தைப் பார்க்க வேண்டும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலெழும். அதில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். இப்பருந்தும் அவற்றைப் போலவே இறக்கைகளைச் சற்று மேல்நோக்கி வைத்து, ஆடி ஆடிப் பறக்கும். கழுகு உயிருள்ள பிராணிகளைத் தாக்குவது அரிது. எனவே சிறு பிராணிகள் அதைக் கண்டு அஞ்சுவதில்லை. இந்த வேடம் பருந்துக்கு வேட்டையில் உதவுகிறது என்பது அறிஞர்களின் கருத்து. கழுகின் தலை சிவந்த மொட்டைத் தலை. பருந்தின் வாலிலோ வெண்பட்டைகள் உண்டு. ஒவ்வொரு ‘கழுகை’யும் இருமுறை பாருங்கள்!

மாணவர்களே, இத்தனைக்கும் ஆதாரம் மணலுக்கடியில் உள்ள நீரே. டூசான் நகருக்குத் தெற்கே சாந்தா குரூஸ் ஆற்றங்கரையில் பெரியதொரு மெஸ்கீட் காடு இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்தது, வேர்கள் எட்டவில்லை, காடு பட்டுப்போயிற்று. சான் பெட்ரோவின் மேற்பகுதியில் சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றங்கரை 1988இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஆனால் எல்லைக்கு வெளியே தோண்டும் கிணறும் உள்ளேயுள்ள நீரைக் குறைக்கக்கூடும். நிலத்தடி நீருக்கு வேலி ஏது?

ஆகவே பாலைவன ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் பருந்து கூடு கட்டுகிறதென்றால், அங்கே மரத்தின் வேர் இன்னும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.